மதில்மேலிருந்து குதித்தவன்

“எப்பிடி ஒடஞ்சுது?” என்று கேட்டார் எலும்பு வைத்தியர் கங்காதரன்.

“ஒல்லாந்துக்காரன் கோட்டை மதில்மேலேர்ந்து குதிச்சேன், வைத்தியரே. பந்தயம்!” என்றான் தோணிரேவுக் கண்ணப்பன், பெருமையாக.

வைத்தியர் கணுக்காலைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். வெளிப்பக்க எலும்பைத் தொட்டபோது மட்டும் அலறினான்.

“புளுகாத. அவ்ளோ ஒசரத்துலேர்ந்து குதிச்சிருந்தா குதிகால் நொறுங்கியிருக்கும். இது வெளிப்பக்கம் ஒரே ஒரு விரிசல். கால் மாட்டிக்கினு ஒடம்பு மட்டும் திரும்புனாத்தான் இப்பிடி ஆவும். ஏரிச் சேறுதானே?”

கண்ணப்பன் தலைகுனிந்தான். “ஆமா. கையால எறா தடவிப் புடிச்சிக்கினு இருந்தேன்.”

“சேத்துல காலை உருவாம திரும்பக்கூடாதுன்னு நம்ம ஊர்ல பச்சப் புள்ளைக்கும் தெரியும். அப்பிடி இன்னாத்தடா திரும்பிப் பாத்த?”

கட்டுப்போட மூங்கில் பத்தைகளோடு பக்கத்தில் நின்ற வைத்தியரின் மகள் பவுனம்மாள்தான் பேசினாள்.

“நான்தான் நைனா, கரையிலேர்ந்து கூப்பிட்டேன்.”

வைத்தியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“நாப்பது நாள்ல எலும்பு கூடிடும். அதுக்குள்ள ஒங்க நைனாவ வெத்தல பாக்கோட வரச் சொல்லு. இனிமே இவ கூப்பிட்டா மொதல்ல காலை உருவு, அப்புறமா திரும்பு, மாப்ளே!”