பாவாயிக்கு ஒரு பாட்டு

"பாவாயிங்கிறவ ஆரு?" என்று உண்ணாமலை கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பச்சமுத்து தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார்.

மதுமதிக்குச் சங்கடமாகிவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அவள் வீட்டு ஹாலில் இந்தப் பஞ்சாயத்து நடப்பதற்குக் காரணமே அவள்தான்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய கேபிள் சேனல் கேசட்டுகளைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றி வைப்பது அவள் பைத்தியம். ஜவுளிக்கடை விளம்பரம், காதுகுத்து வாழ்த்து, போர் போடும் புது ரிக் வண்டிக்குப் பூஜை, எதையும் விடமாட்டாள். அதைப் பார்க்க உலகத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். அதில் பாதிப்பேர், "ஆடுறது நான்தாங்க, தயவுசெஞ்சு தூக்கிடுங்க" என்று கெஞ்சுகிறவர்கள்.

அவள் ஒன்றைக்கூடத் தூக்கியதில்லை.

போன வாரம் ஏற்றியது, இருபது வருடத்துக்கு முந்தைய நேயர் விருப்பம். சேந்தமங்கலத்திலிருந்து போனில் வந்த லாரி டிரைவர் பச்சமுத்து, தொகுப்பாளினியிடம் நன்றாக வழிந்துவிட்டு, "இந்தப் பாட்டப் பாவாயிக்குப் போடுங்க" என்று முடித்திருந்தார். அவர் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஊர்வலம் போன அது, கடைசியில் உண்ணாமலையிடம் வந்து நின்றது.

"இன்னொருக்காப் போடு சாமி."

மதுமதி போட்டாள். கணீரென்ற குரல். மலைப்பாதையில் எதிர்வண்டியை ஒதுங்கச் சொல்லிப் பழகிய குரல்.

பச்சமுத்து வாயையே திறக்கவில்லை. மாட்டிக்கொண்ட ஆம்பளைகள் எல்லாம் ஒரே ரகம் என்று நினைத்துக்கொண்டாள் மதுமதி.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நான் எதையும் அழிக்கிறதில்லீங்க."

"அழிக்கச் சொல்லி ஆரு சொன்னா? அந்தச் சிறுக்கி பேர மட்டும் நறுக்கிப்போட்டு, மிச்சத்த என் போன்ல ஏத்திக் குடு."

மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, பெயரை மட்டும் வெட்டினாள் மதுமதி. ஒரு விநாடிகூட இல்லை, அவ்வளவுதான் பாவாயி.

உண்ணாமலை கேட்டுப் பார்த்தாள். திருப்தி. போனை அணைக்கப் போனவளின் கையைத் தடுத்து, பச்சமுத்து தானே மறுபடி ஓடவிட்டார். அந்தக் குரலோடு சேர்ந்து அவர் உதடு அசைந்தது. உதடு மட்டும்.

"தொண்டையில ஆப்பரேசன் பண்ணி எட்டு மாசமாச்சு கண்ணு, இனி பேச்சு வராதுன்னுட்டாங்க," என்றாள் உண்ணாமலை. "ஊட்டுல நான் ஒருத்தியே எத்தன நாளைக்குத்தான் சண்ட போடறது?"