ஜெபத் தண்ணி

"மாதா சுரூபத்தை எடுத்துக்கினு போவத்தான் வந்தேன்" என்றார் பாஸ்கல், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அடைக்கலமேரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜெபமாலை மாதத்தில் சுரூபம் வீடு வீடாக வரும். இன்று அவள் வீட்டு முறை. சாயங்காலம் தெருவே ஜெபத்துக்கு வரப்போகிறது. வந்த மாதாவைத் திருப்பி எடுத்துப் போய்விட்டால் அப்புறம் ராயபுரத்தில் எப்படித் தலைகாட்டுவது?

"இன்னாண்ணே தப்பு பண்ணேன்?"

"போன மாசம் பள்ளிவாசல் வாசல்ல பாட்டிலோட நின்னியாமே? தொழுதுட்டு வர்றவங்க தண்ணியில ஓதி ஊதுனாங்களாமே? நேத்துதான் என் காதுக்கு வந்துச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரே கடவுள்னு வாரா வாரம் வாயால சொல்றோம். சொல்லிட்டு அங்க போயி நிக்கிறியே, எத்தினி கடவுள் ஓணும் உனக்கு?"

பாஸ்கல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவர். இப்போது அந்தத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடும் அன்பியத்துக்குத் தலைவர். விசுவாசத்தில் தானும் பிசக மாட்டார், அடுத்தவரையும் பிசக விடமாட்டார். மஞ்சள் காமாலையில் சாகக் கிடந்தபோது, "ஜெபம் பண்ண தண்ணிண்ணே" என்று அடைக்கலமேரி கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்துத்தான் பிழைத்தேன் என்று கோயிலில் சாட்சியே சொன்னவர். அப்பேர்ப்பட்டவளா இப்படி என்பதில்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

சுரூபத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த வழியாக மீன் ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பஷீர், அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"பாஸ்கல் அண்ணே, எழுந்து நடமாடுறீங்களா? இந்தத் தங்கச்சி டெய்லி பாட்டிலைத் தூக்கிக்கினு வந்து, 'எங்க அண்ணன் பொழைக்கணும் பாய்'னு அழுவும். நாங்க அத்தினி பேரும் உங்களுக்காக துஆ கேட்டோம்."

அவன் போய்விட்டான். பாஸ்கல் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சாட்சி சொல்லிட்டீங்க. உங்க பேரு கெட்டுடுமேன்னு வாயை மூடிக்கினேன்" என்றாள், தலை நிமிராமல். "நானும் ஜெபம் பண்ணிட்டுதாண்ணே குடுத்தேன். கடவுள் ஒருத்தர்தானே, யாரு கேட்டாலும் அவரு காதுலதானே வுழும்னு நெனைச்சேன். தப்புன்னா மன்னிச்சுடுங்க."

பாஸ்கல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். சுரூபத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். 

"தொண்டை காயுதும்மா" என்றார். "அந்த பாட்டில்ல மிச்சம் எதுனா கீதா?"