ஆறு மாத்திரைகள்

"இந்த அரிப்பு மாத்திரை வேட்டை நாய்ங்களுக்கு ஒத்துக்கலைன்னு ஏற்கெனவே ரெண்டு புகார் வந்திருக்கு. உங்க நாய்க்கு என்ன பண்ணுது?" என்று புகார்ப் படிவத்தை எடுத்தார் கால்நடை டாக்டர்.

"சரியா சாப்பிட மாட்டேங்குறான். வாசல்லயே சுருண்டு கிடக்கிறான்," என்றார் நாயை வளர்ப்பவர்.

"எப்போலேருந்து?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து. அன்னிக்குத்தான் மாத்திரை ஆரம்பிச்சோம்."

"அப்போ மருந்தேதான். நிறுத்திடுங்க."

வீட்டில் மனைவி கையை விரித்துக் காட்டினாள். ஆறு மாத்திரைகளும் முழுசாக இருந்தன.

"திருட்டுப்பய! முழுங்குற மாதிரி நடிச்சுட்டு, எல்லாத்தையும் பொண்ணோட பழைய செருப்புக்குள்ள துப்பி வச்சிருக்கான்."

அவர் டாக்டருக்குப் போன் போட்டார். "படிவத்தைக் கிழிச்சிடுங்க. மருந்து மேல தப்பில்லை. ஞாயித்துக்கிழமைதான் பொண்ணை ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தோம்."

"நல்லவேளை! இப்பவாவது சாப்பிடுறானா?"

"இல்லை டாக்டர்." அவர் அந்தப் பழைய செருப்பை எடுத்துத் துடைத்தார். "நானும்தான்."