ஊசிக் காது

நண்பனின் கல்யாண விருந்தில் நிர்மல் முதல்முறையாகக் குடித்திருக்கிறான் என்பது வாசலிலேயே வாடையில் தெரிந்துவிட்டது. தவமணி மகனைத் திட்டவில்லை. ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள்.

“வாந்தி வருதாடா?”

“எதுக்கும்மா? அவனுங்கதான் மட்டையாயிட்டானுங்க. எல்லாரையும் ஆட்டோ புடிச்சு வீட்ல விட்டுட்டு வர்றதே நான்தான். எனக்கு ஒண்ணுமே பண்ணல.”

“தலை சுத்துதா?”

“இல்ல.”

“கொஞ்சம்கூடவா?” கெஞ்சுவதுபோலக் கேட்டாள்.

அவன் சிரித்தான். தவமணி தையல் மிஷின் மேலிருந்த ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்து நீட்டினாள். “இதக் கோத்துக் குடு.”

கல்யாணமான புதிதில் அவள் புருஷனும் குடித்துவிட்டு வந்து, தனக்கு ஏறவே இல்லை என்று காட்ட இப்படித்தான் ஊசி கோத்தான். அவளும் கைதட்டினாள். எவ்வளவு குடித்தாலும் ஏறாத அந்த உடம்பு, ஏறும்வரை குடித்தது. கடைசியில் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக்கூடக் கை நிற்காமல், ஈரல் வெந்து, நாற்பது வயதில் செத்துப்போனான்.

நிர்மல் நூல் நுனியை எச்சிலில் நனைத்து முறுக்கினான். ஒரு கண்ணை மூடிக்கொண்டான். தவறட்டும், தவறட்டும் என்று தவமணி தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டாள். நூல் முதல் தடவையிலேயே காதுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது.

“உங்கப்பாவும் இப்படித்தான்” என்றாள் முனகலாக.

நிர்மலின் முகம் மலர்ந்தது. “நெசமாவா?” என்று கேட்டபடி, இன்னொரு ஊசிக்காகக் கையை நீட்டினான். கை துளியும் ஆடாமல் நின்றது.