சிஞ்ஞோராவின் பனிப் பயணம்

"இன்ஸ்புறுக்கில் ஒரே ஒரு நாளா? அங்கே பனி சீனி மாதிரிக் கொட்டிக் கிடக்குமாமே, இனெஸ்!" என்றபடி வீட்டு எசமானி சிஞ்ஞோரா லுக்ரேசியா வரைபடத்தில் இன்னொரு சிவப்புக் கோடு இழுத்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் வரைபடம், மறுபக்கம் பனிச்சறுக்குக் கட்டைகள். கோப்பி வைக்க இடம் தேடித் தட்டோடு நின்றாள் வேலைக்காரி அம்பிகை.

அது தொண்ணூற்றாறு மார்கழி. இத்தாலியின் தெற்குத் தீவில், வசதியானவர்கள் வாழும் பொலிதேயாமாவில் இருந்த அந்த வீட்டில் ஒரு மாதமாக இதே கதைதான். காரோடு கப்பலேறி நாப்போலி, அங்கிருந்து வடக்கே கொர்த்தீனா, மலை தாண்டி ஒஸ்திரியா, திரும்பும் வழியில் சுவிஸ். சீட்டாட வரும் சிநேகிதிகள் எல்லோருக்கும் சிஞ்ஞோரா பயணத்தை முதலிலிருந்து ஓட்டிக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் மலைகள் கொஞ்சம் உயர்ந்தன.

மேல்மாடி இனெஸ் மட்டும் லேசில் விடவில்லை. "சங்கிலி வாங்கிவிட்டாயா? சங்கிலி இல்லாமல் மலைக்கு விடமாட்டார்கள்."

சிஞ்ஞோரா தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கார்ச் சில்லுக்குப் போடும் சங்கிலியைச் சொல்கிறேன்" என்றாள் இனெஸ்.

"அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்."

புறப்படுவதற்கு முதல்நாள் அம்பிகை கபோச் சந்தைக்கும் வீட்டுக்குமாக நடந்தே களைத்துப்போனாள். மீன், முட்டை, பால், கத்தரிக்காய் என்று குளிர்சாதனப்பெட்டி கதவு சாத்த முடியாமல் நிரம்பியது. "வழியில் சாப்பிடத்தான்" என்றாள் சிஞ்ஞோரா. பச்சை மீனை வழியில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று அம்பிகை கேட்கவில்லை. பெரிய இடத்துப் பழக்கம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

"இனி நீ தை மாதம் வந்தால் போதும். செடிகளுக்குத் தண்ணீர்கூட விடவேண்டாம்" என்றாள் சிஞ்ஞோரா. மறுநாள் காலை, கூரையில் கட்டைகள் கட்டிய கார் ஹோர்ண் அடித்துத் தெருவையே எழுப்பிக்கொண்டு போனது. இனெஸ் பல்கனியில் நின்று கை காட்டினாள். அம்பிகையும் வாசலில் நின்று காட்டினாள்.

அதே நகரத்தின் ஏழைப் பகுதியான கால்சாவில் தங்களுடைய ஒற்றை அறைக்குத் திரும்பியதும், புருசன் தில்லையம்பலம் மெல்லக் கதையைத் தொடங்கினான்.

"அந்த வீட்டுத் திறப்பு உம்மட்டைத்தானே கிடக்கு?"

"ஓம். ஏன் கேக்கிறியள்?"

"நாளைக்கு உம்மடை அண்ணர் சுவிசிலையிருந்து வாறார். இந்த அறையையே அவருக்குக் காட்டச் சொல்லுறீர்?"

அண்ணர் பத்மநாதனுக்கு இந்தக் கலியாணம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவருடைய வாயை அடைக்க, தில்லையம்பலம் தொலைபேசிக் கதையிலேயே பொலிதேயாமாவில் ஒரு வீடு வாங்கி, தளபாடமும் போட்டு முடித்திருந்தான்.

"பிடிபட்டால் என்ரை வேலை போயிடும். வேலை இல்லாட்டிப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது, நாட்டை விட்டே கலைச்சுப்போடுவாங்கள்" என்றாள் அம்பிகை.

"ஆர் பிடிக்கிறது? அவை மலையிலை சறுக்கிக்கொண்டு நிப்பினம். ஒரு மத்தியானம்தானேயப்பா!"

பத்மநாதன் தோல் கோட்டுடன் வந்து இறங்கினார். சலவைக்கல் படிகளில் ஏறும்போது கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "பறவாயில்லை" என்றார். அந்த ஒரு சொல்லில் தில்லையம்பலத்தின் முதுகு நிமிர்ந்தது. அம்பிகை திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

உள்ளே மீன் பொரித்த மணம் மூக்கில் அடித்தது.

வரவேற்பறையில் யன்னல்களெல்லாம் இறுகச் சாத்தியிருக்க, நடுவில் ஊதா நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. வெயிலில் காய்ந்ததுபோல முகத்தைக் கறுக்க வைக்கும் விளக்கு. அதன் முன்னால், இடுப்பில் ஏப்ரனும் கண்ணில் பனிக்கண்ணாடியுமாக, முகத்தை வாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சிஞ்ஞோரா லுக்ரேசியா. உள்ளறையிலிருந்து அவளுடைய கணவரின் குறட்டை கேட்டது.

சிஞ்ஞோரா துள்ளி எழுந்து கண்ணாடியைக் கழற்றினாள். சிவந்த முகத்தில் கண்களைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டங்கள், இப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்ததுபோல. அம்பிகையைக் கண்டதும் கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் படிக்கட்டில் இனெஸின் குரல் கேட்டது. "யாரது லுக்ரேசியா வீட்டில்?"

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஒரு சத்தம் போட்டால் போதும், ஆல்ப்ஸ் மலை எந்த அறைக்குள் இருக்கிறதென்று பின்னேரத்துக்குள் பொலிதேயாமா முழுவதும் தெரிந்துவிடும். அம்பிகை அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணரின் காதில் விழாதபடி வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"நான்தான், சிஞ்ஞோரா இனெஸ். செடிக்குத் தண்ணீர் விட வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை."

காலடிகள் மேலே ஏறிப் போயின. அம்பிகை உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பத்மநாதனுக்குப் பேர்ன் நகரத்து உணவகக் குசினியில் பழகிய இத்தாலிய மொழி கொஞ்சம் தெரியும். சிஞ்ஞோராவை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் யார்?" என்று கேட்டார். தில்லையம்பலம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சிஞ்ஞோரா ஏப்ரனை இழுத்து நேராக்கினாள். அம்பிகையின் பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்தினாள்.

"கோப்பி கொண்டுவரட்டுமா, சிஞ்ஞோரா?"