தரையைத் தொடும் முழங்கைகள்

பணிமனை ஓய்வறையின் ஜன்னல் வழியே முற்பகல் வெயில் தரையில் சாய்ந்து விழுகிறது. அந்த வெயிலுக்கு நடுவே, கால்களை அகல விரித்து நீட்டி ரப்பர் பாயில் உட்கார்ந்திருக்கிறாள் பேருந்து ஓட்டுநர். வருடக்கணக்கில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து இறுகிப்போன இடுப்பு. வண்டியில் ஏறக் கால் தூக்க முடியாமல் அவள் திணறியதைப் பார்த்த மேலாளர், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டிக்கெட் கவுண்டருக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அவள் போவதாக இல்லை. உள்ளங்கைகளை முன்னால் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே மெல்லக் குனிகிறாள். உள்தொடை சுள்ளென்று இழுக்கிறது. “ஏம்மா, இடுப்புக்கும் கொஞ்சம் கிரீஸ் வைக்கட்டுமா?” என்று வாசலில் நின்று சிரிக்கிறார் மெக்கானிக். “கேலி பண்ணாம வந்து, முட்டி மடங்காமப் பிடிச்சுக்கோங்கண்ணே.” அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மண்டியிடுகிறார். அவள் இன்னொரு முறை மூச்சை முழுக்க விடுகிறாள். முதல் முறையாக இரண்டு முழங்கைகளும் தரையைத் தொடுகின்றன. மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுவிடுகிறது. வெளியே ஹாரன் அலறுகிறது. “உன் வண்டிதாம்மா, கூப்பிடறாங்க.” “கேக்குதுண்ணே. இன்னும் கொஞ்சம் இறங்கிட்டு வர்றேன்” என்கிறாள், நெற்றியைத் தரையை நோக்கித் தாழ்த்தியபடி.