மீதி வசனம்

காவல் நிலையத்துக்குள் சாயும் மாலை வெயிலில் துறைமுகத்து நிலக்கரித் தூசி மிதக்கிறது. "எங்க சாமிய வெறும் கல்லுன்னு மைக்ல சொல்லுதாரு சார்," என்கிறார் புகார் கொடுத்த பூக்கடை அண்ணாச்சி. "வேதத்துல உள்ளதத்தான வாசிச்சேன்," என்கிறார் தெருவில் பைபிள் பிரசங்கம் செய்த கிருபாநிதி. ஒரே பெஞ்சில், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு, இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் கைபேசியில் அந்தப் பிரசங்கத்தின் வீடியோவை ஓடவிட்டு, பாதி வசனத்தில் நிறுத்துகிறார். கேட்டதை வழக்குக்காகத் தட்டச்சு செய்யும் ஏட்டு பெனிஸ்டனின் விரல்கள் மட்டும் நிற்காமல் ஓடுகின்றன. பக்கத்திலுள்ள சொந்த ஊரான நாசரேத்தில், சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் அவர் மனப்பாடமாகச் சொல்லி டிபன் டப்பா பரிசு வாங்கிய வசனம் அது. இன்ஸ்பெக்டர் அவருடைய கணினித் திரையை எட்டிப் பார்க்கிறார். "மீதிய நான் இன்னும் போடவே இல்லையேய்யா." பெஞ்சில் இருக்கும் இருவரும் பெனிஸ்டனைப் பார்க்கிறார்கள். அவர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மீதி வசனத்தை அழிக்கிறார்.